நாலா, அஞ்சா

ராயபுரம் பாலத்தடி கேரம் கிளப்புக்கு
ஞாயிறு பத்து மணிக்கு வருவான் சவரிநாதன்.
காது மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டுத்தான்
பலகை முன் உட்காருவான்.
"உன் பேச்சு எதுக்குடா எனக்கு, காயை அடி."

எங்கள் நீர்மூழ்கியில் முதல் காது அவனுடையது.
சொன்னால் பையன்கள் நம்புவதில்லை.

சோனார் அறையில் ஒரே நாற்காலி, ஒரே ஹெட்போன்.
படுக்கையும் ஒன்றுதான்:
நான் எழுந்தால் அவன், அவன் எழுந்தால் நான்.
மெத்தை ஆறியதே இல்லை.
அவன் தலையெண்ணெய் என் கனவுக்குள் வழியும்.
என் வியர்வையைப் பற்றி அவன் சொன்னதை
இங்கே எழுத முடியாது.

இறால் கூட்டம் நெருங்கினால்
கடலே கடுகு தாளிக்கும்.
அந்தச் சடசடப்புக்குப் பின்னால் வந்த சரக்குக் கப்பலுக்கு
விசிறி இறக்கை நாலு என்று எழுதினேன்.
என் தோளுக்குப் பின்னாலிருந்து
ஹெட்போனின் ஒரு பக்கத்தில் காதை ஒட்டி
அஞ்சு என்றான்.
அஞ்சுதான்.
அந்த வருஷம் பதவி உயர்வு அவனுக்கு.
மூன்று வாரம் அவனோடு பேசவில்லை நான்.
எண்பது ஆள், ஒரு நடைபாதை,
தோள் உரசாமல் தாண்ட வழியில்லாத இடத்தில்
பேசாமல் இருப்பது பெரிய உழைப்பு.

ஒரு விடியலில் நம்ம கரைக்கு நாற்பது மைலில் கிடந்தோம்.
தலைக்கு மேலே காசிமேட்டு விசைப்படகுகள்.
"அது எங்க சித்தப்பா போட்டு.
மூணாவது சிலிண்டர் இருமுது பாரு."
புருடா என்றேன்.
லீவில் வந்து பார்த்தால்
துறைமுக வாசலில் சித்தப்பா
மூணாவது சிலிண்டரைப் பிரித்துப் போட்டு
உட்கார்ந்திருந்தார்.

பாட்டரி அறையில் தீப்பிடித்த அன்று
நான் உள்ளே. அவன் வெளியே.
கதவைச் சாத்தச் சொன்னது உத்தரவு.
சக்கரத்தைச் சுற்றியது அவன் கை.
அதற்காக ஒருநாளும் அவனைக் கேட்டதில்லை.
நானாக இருந்தாலும் சுற்றியிருப்பேன்,
கொஞ்சம் வேகமாகவே.

உயிரோடு எத்தனை பேரோ அத்தனை தட்டு:
பயிற்சியில் சொன்னது.
கீழே கிடந்த தபனை ஒருமுறை உலுக்கினேன்.
ஒரே ஒருமுறை.
பிறகு ஸ்பானரை எடுத்து
நாலு தட்டினேன்.

அந்தப் பக்கம் இரும்பில் காதை வைத்து
சூட்டில் தோல் ஒட்டிக்கொள்ளக் கேட்டவன்
அஞ்சு என்று கத்தினானாம்.
நாலு சேர்ந்தாற்போல.
அஞ்சாவது கொஞ்சம் தள்ளி, தாழ,
தரைப்பக்கமிருந்து.

இருபத்திரண்டு நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது.
நாலு பேர் நடந்து வந்தோம்.
விசாரணையில் நாலு என்றேன் நான்.
அஞ்சு என்றான் அவன்.
ஆறுகிற இரும்பு அப்படித்தான் தட்டும் என்று
எழுதி முடித்தார்கள்.

முப்பத்தோரு வருஷம்.
அவன் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவன் நான்.
என் நெஞ்சைப் பிளந்து தைத்தபோது
ஸ்டான்லி வராந்தாவில் ஒன்பது ராத்திரி
செய்தித்தாள் விரித்துப் படுத்தவன் அவன்.
அந்தப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை.
நான் ரெட்டைப் போட்டு ஃபாலோ விட்டால்
பல் தெரியச் சிரிப்பான்:
"உனக்கு எப்பவுமே ஒண்ணு கொறையும்டா."

போன ஞாயிறு ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனது.
பையன்கள் மெழுகுவத்தி தேடிப் போனார்கள்.
சவரி பவுடர் பலகையில்
உள்ளங்கையை விரித்து வைத்தான்,
விரல்கள் என் பக்கம்.
ஏன் என்று கேட்கவில்லை.
கேட்டாலும் அவனுக்குக் கேட்காது.

ஸ்ட்ரைக்கரால் சட்டத்தில் தட்டினேன்.
நாலு.

தலை அசையவில்லை. கையும் எடுக்கவில்லை.
பின்சுவருக்கு அப்பால் கும்மிடிப்பூண்டி வண்டி போனது.
பலகை அதிர்ந்து
காய்கள் தாமாக ஒரு நூல் நகர்ந்தன.
அது அடங்கும்வரை பொறுத்திருந்தான்.

அடங்கிய பிறகும்.